பிள்ளைகளின் முதல் பனிச்சறுக்கு வாரம்: சுவிட்சர்லாந்தில் ஊரையும் ஸ்கீ பள்ளியையும் தேர்ந்தெடுக்கும் முறை

பனிச்சறுக்கு ஊர்களின் விளம்பரங்கள் தடங்களின் மொத்த நீளத்தையும் உச்சி நிலையத்தின் உயரத்தையுமே முதலில் சொல்கின்றன. முதல்முறையாக ஸ்கீ என்னும் சறுக்குப் பலகைகளை அணியப்போகும் ஐந்து வயதுப் பிள்ளைக்கு இவ்விரண்டாலும் பயன் ஏதுமில்லை. அந்தப் பிள்ளை தன் முதல் நாட்களை, வேலியிட்ட, சற்றே சரிந்த ஒரு பயிற்சித் திடலில்தான் கழிக்கப்போகிறது. ஆகவே ஊரைத் தேர்ந்தெடுக்கும் பெற்றோர் பார்க்க வேண்டியவை அந்தத் திடல், அதை நடத்தும் ஸ்கீ பள்ளி, அங்கிருந்து தங்குமிடத்துக்கு உள்ள தூரம் ஆகிய மூன்றுமே. மலையின் மற்றப் பகுதிகளைப் பின்வரும் ஆண்டுகளுக்கு விட்டுவிடலாம்.

தாங்கள் ஒருபோதும் ஸ்கீ அணியாத பெற்றோருக்காக, குறிப்பாகச் சுவிட்சர்லாந்தில் பிள்ளைகளை வளர்க்கும் தமிழ்க் குடும்பங்களுக்காக, இந்த வழிகாட்டி எழுதப்படுகிறது. இங்குள்ள பாடசாலைகள் பல குளிர்காலத்தில் ஒரு வகுப்பை ஒரு வாரம் மலைக்கு அழைத்துச் செல்கின்றன. பிள்ளைகள் ஸ்கீ லாகர் என்று சொல்லும் அந்த முகாமுக்கு, மூன்று நான்கு வயதிலிருந்தே பெற்றோருடன் சறுக்கிப் பழகியவர்களும் ஒருநாளும் பழகாதவர்களும் ஒன்றாகவே போகிறார்கள். நண்பர்கள் எல்லோரும் மேலே ஏறிவிட, தான் மட்டும் தொடக்கக் குழுவில் நிற்கும் பதினொரு வயதுப் பிள்ளையின் கூச்சத்தைப் பெற்றோர் எளிதாக எண்ணிவிடக் கூடாது. முகாமுக்கு ஓரிரு ஆண்டுகள் முன்னதாகவே ஒரு வாரப் பயிற்சி கிடைத்துவிட்டால் அந்த நிலை வராது. முகாமின் செலவைப் பற்றி அஞ்சுவோர் ஒன்றை அறிந்திருப்பது நல்லது: கட்டாய முகாமாக இருந்தால், 2017 டிசம்பரில் சுவிஸ் கூட்டாட்சி நீதிமன்றம் அளித்த தீர்ப்பின்படி, பிள்ளையின் உணவுக்காக, வயதைப் பொறுத்து, நாளொன்றுக்கு அதிகபட்சமாக 10 முதல் 16 பிராங் வரையே பெற்றோரிடம் கேட்கலாம்.

வயதையும் கால அளவையும் முதலில் முடிவுசெய்யுங்கள்

பல ஸ்கீ பள்ளிகள் மூன்று வயதுப் பிள்ளைகளைச் சேர்த்துக்கொள்கின்றன. ஆனால் அந்த வயதில் நடப்பது பெரும்பாலும் பனியில் விளையாட்டுத்தான்; அதற்காக ஒரு வார விடுமுறையையும் அதன் செலவையும் ஒதுக்க வேண்டியதில்லை. நான்கரை வயதிலிருந்து ஆறு வயதுக்குள் தொடங்குவது மிகவும் பொருந்தும் என்பது என் கருத்து. அப்போது பிள்ளை தாயைப் பிரிந்து இரண்டு மணி நேரம் இருக்கும், சொன்னதைக் கேட்டுச் செய்யும், கழிப்பறைக்குப் போக வேண்டும் என்று உரிய நேரத்தில் சொல்லும். எட்டு, ஒன்பது வயதில் தொடங்கும் பிள்ளைகள் இன்னும் விரைவாகவே கற்றுக்கொள்கிறார்கள் என்பதால், காலம் கடந்துவிட்டது என்று யாரும் கவலைப்படத் தேவையில்லை.

ஏழு வயதுக்கு உட்பட்ட பிள்ளைக்கு அரைநாள் வகுப்பே போதும். முழுநாள் வகுப்பில் சேர்த்தால் பிள்ளை மூன்றாம் நாளே களைத்துப்போய், நான்காம் நாள் வர மறுக்கும். தொடர்ச்சியாக ஐந்து அரைநாட்கள் கற்பது, இடைவெளி விட்டு ஐந்து ஞாயிற்றுக்கிழமைகளில் கற்பதைவிடப் பல மடங்கு பலன் தரும். முதல் நாளில் சமநிலையைத் தேடும் உடல் மூன்றாம் நாளில்தான் அதைக் கண்டுகொள்கிறது. பிள்ளைக்குப் பனியே பிடிக்குமா என்ற ஐயம் இருந்தால், வாரத்தைப் பதிவுசெய்யும் முன் வீட்டுக்கு அருகிலுள்ள சிறிய மலையூர் ஒன்றுக்கு ஒருநாள் போய்வரலாம். சூரிச் பக்கத்துக் குடும்பங்களுக்கு, கிளாரூஸ் மாநிலத்தின் பிரவுன்வால்ட் அப்படிப்பட்ட ஊர். லிந்தாலில் தொடருந்தை விட்டிறங்கி, மலையேறும் கம்பிவடத் தொடருந்தில் ஏறினால், மோட்டார் வாகனங்கள் வராத அந்த ஊருக்கு நேராகப் போய்ச் சேரலாம். அது ஏறத்தாழ 1,250 மீட்டர் உயரத்திலேயே இருப்பதால், புறப்படும் முன் பனி இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ள வேண்டும்.

பயிற்சித் திடலை ஆராயுங்கள்

ஊரைத் தெரிவுசெய்வதில் மிக முக்கியமான படி இதுதான். ஒவ்வோர் ஊரின் இணையத்தளத்திலும் தடங்களின் வரைபடம் இருக்கும்; அதில் பெரும்பாலும் ஒரு முயலோ வேறு விலங்கோ வரைந்து பிள்ளைகளின் திடலைக் குறித்திருப்பார்கள். அந்தக் குறி ஊருக்குள் இருக்கிறதா, அல்லது கேபிள் கார் ஏறிப் போக வேண்டிய நடு நிலையத்தில் இருக்கிறதா என்பதை முதலில் பாருங்கள்.

இந்த வேறுபாட்டை இரண்டு ஊர்களைக் கொண்டு விளக்கலாம். லவுட்டர்புருன்னனிலிருந்து பற்சக்கரத் தொடருந்தில் ஏறிச் சேரும் வெங்கன், 1,274 மீட்டர் உயரத்தில் மோட்டார் வாகனங்கள் இல்லாமல் அமைந்த ஊர். அதன் தொடக்கநிலைத் திடல் ஊரின் நடுவிலேயே இருக்கிறது. பிள்ளை குளிர்ந்துபோனாலோ அழுதாலோ ஈரமாகிவிட்டாலோ, பெற்றோர் சில நிமிடங்களில் அறைக்கு அழைத்துவந்துவிடலாம். உலகப் புகழ்பெற்ற சேர்மாட்டில் தொடக்கநிலையினருக்கான முதன்மைத் திடல், ஊரிலிருந்து சுரங்கக் கம்பிவடத் தொடருந்தில் ஏறிப் போக வேண்டிய சுன்னெகாவை அடுத்து, ஏறத்தாழ 2,300 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அது வெயிலும் அழகும் நிறைந்த இடம் என்பதில் ஐயமில்லை. ஆயினும் ஒவ்வொரு காலையும் ஸ்கீ, சப்பாத்து, தலைக்கவசம், மாற்றுக் கையுறை எல்லாவற்றையும் சுமந்து, சிறு பிள்ளையையும் கையில் பிடித்துக்கொண்டு, கூட்டத்தோடு மேலே ஏறி, வகுப்பு முடியும்வரை அங்கேயே காத்திருக்க வேண்டும். முதல் வாரத்துக்கு இந்தச் சுமை தேவையற்றது.

பனியின் உறுதியையும் இதோடு சேர்த்தே பார்க்க வேண்டும். ஊருக்குள் திடல் இருப்பது வசதி. ஆனால் ஊர் தாழ்ந்த இடத்தில் இருந்தால் சில குளிர்காலங்களில் அந்தத் திடல் பச்சையாகவே கிடக்கும். இரண்டும் ஒருங்கே அமைந்த ஊர்கள் சில உண்டு. வலே மாநிலத்தின் பெட்மெர்அல்ப் ஏறத்தாழ 1,950 மீட்டர் உயரத்தில், வெயில் படும் மேட்டு நிலத்தில், கார்கள் இல்லாமல் இருக்கிறது; பெட்டனில் தொடருந்தை விட்டிறங்கிக் கேபிள் காரில் ஏறினால் ஊர்தான். அங்கே தெருவே பனி மூடிக் கிடப்பதால், பலர் தங்குமிடத்தின் வாசலிலேயே ஸ்கீயை மாட்டிக்கொள்கிறார்கள். கிரவுபுண்டன் மாநிலத்தின் அரோசாவும் ஏறத்தாழ 1,800 மீட்டர் உயரத்தில் இருக்கும் ஊர். கூர் நிலையத்தின் முன்றலிலிருந்து புறப்படும் செந்நிறத் தொடருந்து ஒரு மணி நேரத்தில் அங்கே கொண்டுசேர்க்கிறது. தாழ்ந்த ஊர் ஒன்றையே தெரிவுசெய்தால், திடலுக்குச் செயற்கைப் பனி தூவுகிறார்களா, பனி இல்லாவிட்டால் வகுப்பை எங்கே நடத்துவார்கள், அங்கே போய்வரும் செலவு யாருடையது என்ற மூன்று கேள்விகளையும் முன்கூட்டியே கேட்டுவிடுங்கள்.

திடலில் என்ன இருக்க வேண்டும்? பிள்ளை நின்றபடியே மேலேறிச் செல்லும் நகரும் பட்டை கட்டாயம் இருக்க வேண்டும். இதை ஜெர்மன் பேசும் பகுதிகளில் மாயக் கம்பளம் என்றே அழைக்கிறார்கள். தொடையில் முட்டுக்கொடுத்து இழுத்துச் செல்லும் லிஃப்ட் மட்டுமே உள்ள இடம் சிறு பிள்ளைக்குக் கடினமானது. (அவ்வகை இழுவை லிஃப்ட்களில் உலகின் முதலாவது, 1934 டிசம்பரில் டாவோஸ் நகரின் போல்கன் சரிவில்தான் இயங்கத் தொடங்கியது, இன்றும் அந்தச் சரிவில் தொடக்கநிலையினர் பயில்கிறார்கள்.) திடலின் அடிப்பகுதி தட்டையாக முடிய வேண்டும், அப்போதுதான் நிறுத்தத் தெரியாத பிள்ளையும் தானாகவே நின்றுவிடும். வேகமாக வருவோரின் தடம் திடலின் குறுக்கே போகக் கூடாது. கழிப்பறையும் சூடான ஓர் அறையும் திடலின் ஓரத்திலேயே இருக்க வேண்டும். ஜனவரியில் மலையின் நிழல் நாள் முழுதும் விழும் பள்ளத்தாக்குகள் உண்டு என்பதால், வகுப்பு நேரத்தில் திடலில் வெயில் படுமா என்பதையும் கேளுங்கள். ஊரின் நேரலைக் கமராப் படங்களைக் காலை பத்து மணிக்குப் பார்த்தால் இதற்குப் பதில் கிடைத்துவிடும்.

திடலை விட்டு வெளியேறும் நாளுக்காக, நீளமான, அகலமான, எளிய நீலத் தடம் ஒன்றாவது அந்த ஊரில் இருக்கிறதா என்றும் பாருங்கள். சுவிட்சர்லாந்தில் நீலம் எளிது, சிவப்பு நடுத்தரம், கறுப்பு கடினம். திடலுக்கு அடுத்தது நேரே செங்குத்தான சிவப்புத் தடம் என்றால், நான்காம் நாளில் பிள்ளை கற்றதை எல்லாம் அச்சத்தில் மறந்துவிடும்.

ஸ்கீ பள்ளியிடம் கேட்க வேண்டியவை

சுவிஸ் ஸ்கீ பள்ளிகள் பெரும்பாலும் ஒரே பாடத்திட்டத்தைப் பின்பற்றுகின்றன. மிகச் சிறியவர்கள் ஸ்னோலி என்ற முயலின் திடலில் தொடங்குகிறார்கள். அதன்பின் நீலம், சிவப்பு, கறுப்பு என்று நிலைகள் வருகின்றன. நீல, சிவப்பு நிலைகளில் இளவரசர், அரசர், நட்சத்திரம் என்று மூன்று மூன்று படிகள் உண்டு. ஓர் ஊரில் நீல இளவரசராக முடித்த பிள்ளை, அடுத்த ஆண்டு இன்னோர் ஊரில் அடுத்த படியில் சேரலாம். ஆண்டுதோறும் ஒரே ஊருக்குப் போக முடியாத குடும்பங்களுக்கு இந்த ஒழுங்கு பெரிய உதவி. ஒரே ஊரில் இரண்டு மூன்று பள்ளிகள் இருந்தால், எந்தப் பாடத்திட்டத்தைப் பின்பற்றுகிறீர்கள் என்று ஒவ்வொன்றிடமும் கேளுங்கள்.

அதைவிட முக்கியமானது குழுவின் அளவு. விடுமுறை நெருக்கத்தில் ஒரு பயிற்றுநரிடம் எத்தனை பிள்ளைகள் வரை விடுவார்கள் என்று எழுத்தில் கேட்டு, பதிலையும் எழுத்தில் பெறுங்கள். ஐந்து வயதுக்கு உட்பட்டவர்களுக்கு ஆறு பேர், அதற்கு மேற்பட்டவர்களுக்கு எட்டுப் பேர் என்பதற்கு மேல் போகும் பள்ளியை நான் தெரிவுசெய்ய மாட்டேன். பன்னிரண்டு பேர் உள்ள குழுவில், ஒரு பிள்ளையை விழுந்த இடத்திலிருந்து தூக்கிவிடும்போது பதினொரு பேர் அசையாமல் நின்று குளிர்ந்துகொண்டிருப்பார்கள். வாரம் முழுதும் ஒரே பயிற்றுநர் இருப்பாரா என்பது அடுத்த கேள்வி. சிறு பிள்ளை முதல் நாள் முழுவதையும் அந்த ஆளை நம்புவதற்கே செலவிடுகிறது. ஆள் மாறினால் அந்த நம்பிக்கையை மறுபடி தொடக்கத்திலிருந்து கட்ட வேண்டும். பயிற்றுநர்களுள் கூட்டாட்சிச் சான்றிதழ் பெற்றவர்களும் உண்டு, பிள்ளைகளுக்குக் கற்பிப்பதற்கான அடிப்படைப் பயிற்சியை முடித்த இளைஞர்களும் உண்டு. தொடக்கநிலையில் இளைஞர்கள் பலர் மிக நன்றாகவே கற்பிக்கிறார்கள். அவர்களுக்கு மேல் அனுபவமுள்ள ஒரு பொறுப்பாளர் திடலிலேயே நிற்கிறாரா என்பதுதான் கேட்க வேண்டியது.

மொழியைப் பொறுத்தவரை, இங்கே கிண்டர்கார்டன் போகும் பிள்ளைக்கு அந்தப் பகுதியின் மொழி போதும். ஆனால் ஜெர்மன் பகுதியில் வளரும் பிள்ளையை வலேயின் பிரெஞ்சுப் பகுதிக்கு அழைத்துச் சென்றால், ஜெர்மன் குழு இருக்கிறதா என்று கேட்க வேண்டும். லண்டனிலிருந்தோ பாரிசிலிருந்தோ வரும் உறவினரின் பிள்ளைகளும் சேர்வதாக இருந்தால், எல்லோரையும் ஒரே குழுவில் போடக் கேட்பதைவிட, அவரவர் மொழிக் குழுவில் விடுவதே கற்றலுக்கு நல்லது. மதிய உணவையும் பள்ளியே தருமாயின் அதன் பட்டியலைக் கேளுங்கள். பெரும்பாலும் இறைச்சிக் குழம்பிட்ட ஸ்பகெட்டி, சொசேஜ் போன்றவையே இருக்கும்; மரக்கறி மட்டும் என்றோ, மாட்டிறைச்சி வேண்டாம் என்றோ முன்பதிவிலேயே எழுதிவிட்டால் பெரும்பாலான பள்ளிகள் மறுப்பதில்லை.

விலையை ஒப்பிடும்போது வகுப்புக் கட்டணத்தை மட்டும் பார்க்காதீர்கள். திடலின் லிஃப்டுக்கான சீட்டு அதில் அடங்குமா, வாரக் கடைசிப் போட்டியும் பதக்கமும் அடங்குமா, பிள்ளை நோயுற்றால் மீதி நாட்களின் பணம் திரும்பக் கிடைக்குமா என்பவற்றையும் சேர்த்துப் பாருங்கள். தொடக்கநிலைப் பிள்ளைக்கு முழு மலைக்குமான வாரச் சீட்டை முதல் நாளே வாங்குவது வீண்செலவு. பல ஊர்களில் திடலுக்கு மட்டும் மலிவான சீட்டு உண்டு, சில இடங்களில் இலவசமாகவே விடுகிறார்கள். எப்போது மேலே அழைத்துப்போவார்கள் என்பதைப் பயிற்றுநரே சொல்வார், அப்போது வாங்கினால் போதும். அரோசா போன்ற ஊர்கள் தங்குமிடத்தோடு பிள்ளைகளின் ஸ்கீ பள்ளிக் கட்டணத்தையும் சேர்த்து வழங்கும் திட்டங்களை நடத்தியிருக்கின்றன. அந்தப் பருவத்துக்கு அப்படியொன்று இருக்கிறதா என்று ஊரின் சுற்றுலா அலுவலகத்தில் கேளுங்கள். இரண்டு மூன்று பிள்ளைகள் உள்ள குடும்பத்துக்கு இதுவே ஊரைத் தீர்மானிக்கும் காரணமாகலாம்.

நாளைக் குறித்தல்

குழு வகுப்புகள் பெரும்பாலும் ஞாயிறு அல்லது திங்கட்கிழமை தொடங்கி, வெள்ளிக்கிழமைக்குள் ஒரு சிறு போட்டியோடு முடிகின்றன. புதன்கிழமை போய்ச் சேர்ந்தால் தொடக்கக் குழுவில் இடம் இருக்காது. குளிர்கால விடுமுறை மாநிலத்துக்கு மாநிலம் வேறுபடுகிறது, பெரும்பாலும் பெப்ரவரியில் வருகிறது. அதே வாரங்களில் பிரித்தானியா, ஜெர்மனி, நெதர்லாந்து ஆகிய நாடுகளிலிருந்தும் குடும்பங்கள் வந்து குவிவதால், விடுமுறைக்கு வீட்டையும் வகுப்பையும் இலையுதிர் காலத்திலேயே பதிவுசெய்துவிட வேண்டும். முதலில் வகுப்பில் இடம் இருக்கிறதா என்று உறுதிசெய்து, பிறகே வீட்டை எடுங்கள். புத்தாண்டு முடிந்த ஜனவரி நடுப்பகுதி மலிவானது, நெரிசலற்றது; ஆனால் கட்டாயப் பாடசாலை வயதுப் பிள்ளைகளை அப்போது ஒரு வாரம் நிறுத்த முடியாது. சூரிச் மாநிலத்தில் காரணம் கூறாமல் எடுக்கக்கூடிய இரண்டு நாட்களை வாரக் கடைசியோடு சேர்த்தால் நான்கு நாட்கள் கிடைக்கும், அது ஒரு நல்ல தொடக்கமாக அமையலாம்.

கருவிகளும் உடையும்

எதையும் வாங்க வேண்டாம். வளரும் பிள்ளைக்கு, விளையாட்டுப் பொருட் கடைகள் இலையுதிர் காலத்தில் தொடங்கும் பருவ வாடகையே சிக்கனமானது. ஒரே வாரம் என்றால் ஊரிலேயே எடுக்கலாம். தொடக்கநிலைப் பிள்ளையின் ஸ்கீ, நெஞ்சுக்கும் நாடிக்கும் இடைப்பட்ட உயரத்தில் இருந்தால் போதும். அடுத்த ஆண்டுக்கும் உதவுமே என்று நீளமானதை எடுத்தால் பிள்ளையால் திருப்ப முடியாது. சப்பாத்து அதைவிட முக்கியம்: பெரிதாக இருந்தால் கால் உள்ளே நழுவும், ஸ்கீ சொன்னபடி கேட்காது. ஒரே ஒரு நீண்ட காலுறையோடு அணிந்து பார்க்கச் செய்யுங்கள், இரண்டு காலுறைகள் குளிரைக் கூட்டவே செய்யும். சப்பாத்தையும் ஸ்கீயையும் பிணைக்கும் பகுதியை, பிள்ளையின் நிறையையும் உயரத்தையும் சரியாகச் சொல்லி, கடைக்காரரைக் கொண்டே பொருத்துவியுங்கள். விழும்போது அது உரிய நேரத்தில் கழன்றால்தான் கால் தப்பும்.

தலைக்கவசத்தில் ஈஎன் 1077 என்ற தரக்குறி இருக்க வேண்டும். கண்ணாடி, நீர் புகாத கையுறை, இன்னொரு சோடி கையுறை ஆகியவை தேவை. பனி சூரியனின் புற ஊதாக் கதிரைப் பெருமளவு திருப்பியனுப்புவதால், நம் நிறத்துத் தோலுக்கும் வெயில் தடுப்புக் களிம்பு அவசியம். கழுத்தில் நீளமான சால்வை கட்டி அனுப்பாதீர்கள். அது லிஃப்டில் மாட்டிக்கொள்ளும். பதிலாகக் கழுத்தை மூடும் துணி வளையம் போதும்.

காப்புறுதி

சுவிட்சர்லாந்தில் வாழும் பிள்ளையின் விபத்துச் செலவை அதன் மருத்துவக் காப்புறுதி ஏற்கிறது. பெற்றோர் ஒரே நிறுவனத்தில் வாரத்துக்கு எட்டு மணி நேரமாவது வேலைசெய்தால், அவர்களுடைய ஓய்வு நேர விபத்துக்கு அந்த நிறுவனத்தின் காப்புறுதி பொறுப்பேற்கிறது. மலையிலிருந்து மீட்டு வருவதில்தான் இடைவெளி இருக்கிறது: அடிப்படை மருத்துவக் காப்புறுதி மீட்புச் செலவில் பாதியை, ஆண்டுக்கு 5,000 பிராங் வரை மட்டுமே தருகிறது. மருத்துவ அவசியத்துக்கான போக்குவரத்துச் செலவிலும் பாதியே, அதுவும் ஆண்டுக்கு 500 பிராங் வரையே கிடைக்கும். ஆகவே மேலதிகக் காப்புறுதி இருக்கிறதா என்று உங்கள் ஒப்பந்தத்தைப் பாருங்கள். வெளிநாட்டிலிருந்து வரும் உறவினர், தங்கள் பயணக் காப்புறுதியில் குளிர்கால விளையாட்டு என்று வெளிப்படையாக எழுதியிருப்பதை உறுதிசெய்ய வேண்டும். வான்வழி மீட்புச் சேவையான ரேகாவின் அவசர எண் 1414, ஆம்புலன்சுக்கு 144. இரண்டையும் கைபேசியில் பதிந்துவையுங்கள்.

முதல் காலை

முந்திய நாள் மாலையே கருவிகளை எடுத்து, திடல் வரை ஒருமுறை நடந்து பாருங்கள். அறையிலேயே சப்பாத்தை அணிவித்துச் சிறிது நடக்கவிட்டால், காலையில் அது புதிதாக இருக்காது. வகுப்பு தொடங்க இருபது நிமிடங்கள் முன்னதாகப் போங்கள். பிள்ளையின் மேலாடையின் உட்பையில் பெயரும் உங்கள் கைபேசி எண்ணும் எழுதிய தாளை வையுங்கள். பயிற்றுநரிடம் பிள்ளையை ஒப்படைத்ததும், விடைபெற்று, கண்ணில் படாத இடத்துக்குப் போய்விடுங்கள். வேலியோரம் நின்று அம்மா கையசைத்தால், அதுவரை நன்றாயிருந்த பிள்ளையும் அழத் தொடங்கும். அழுகை அரை மணி நேரத்துக்கு மேல் நீடித்தால் பள்ளியே உங்களை அழைக்கும்.

முதல் நாளில் கற்பிப்பது ஸ்கீகளின் முனைகளை ஒன்றுசேர்த்துப் பின்புறத்தை விரிப்பது. ஒரு துண்டு பிட்சாவின் வடிவில் கால்களை வைத்து வேகத்தைக் குறைப்பதால், பயிற்றுநர்கள் அதைப் பிட்சா என்றே சொல்கிறார்கள். மாலையில் பிள்ளையிடம் எத்தனை முறை விழுந்தாய் என்று கேட்பதை விட்டு, பிட்சா செய்து காட்டச் சொல்லுங்கள். வகுப்பு முடிந்தபின் நீங்களே இன்னும் ஒரு மணி நேரம் சறுக்கப் பழக்க வேண்டாம். சூடாக ஏதேனும் கொடுத்து, சறுக்கு வண்டியில் விளையாட விடுங்கள். இரண்டாம், மூன்றாம் நாளில் பிள்ளை முன்னேறவில்லை என்று தோன்றினால், வகுப்பு முடிந்ததும் பயிற்றுநரிடம் நேரே பேசி, குழு பொருந்துகிறதா என்று கேளுங்கள். மாற்ற வேண்டும் என்றால் மூன்றாம் நாளுக்குள் மாற்றினால்தான் பயனுண்டு.

வாரக் கடைசியில் பிள்ளைக்குப் பதக்கமும், எட்டிய படியைக் குறித்த சிறு பதிவேடும் தருவார்கள். பதக்கத்தைப் பிள்ளை பத்திரமாக வைத்துக்கொள்ளும், பதிவேட்டை நீங்கள் வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த குளிர்காலத்தில் எந்த ஊரில் பதிவுசெய்தாலும், எந்தக் குழுவில் சேர்ப்பது என்று பள்ளி கேட்கும்போது அதிலுள்ள கடைசிப் படியைச் சொன்னால் போதும்.